மூன்றாவது பத்தி

மார்ச் 5, 2023

என் பெயர் பலவேசம். வயது எழுபத்தொன்று. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஊர். இதை எழுதுவது நான். நான் சொல்ல வேறு யாரோ எழுதியது இல்லை.

இவ்வளவும் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

மார்ச் 7

நோட்டைக் கொடுத்தது ஸ்டெல்லா டீச்சர். முதியோர் வகுப்பில் ஆறு மாதம் முடித்த எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று. பதினாலு பேரில் ஆண் நான் ஒருவன்தான். "தினமும் அஞ்சு வரி எழுதுங்க தாத்தா. பெருசா யோசிக்க வேண்டாம், என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க" என்றார்.

நடந்தது: ரேஷனில் துவரம்பருப்பு வரவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன். டவுனுக்குப் போய்த் திரும்பும்போது பேருந்தின் நெற்றியில் எங்கள் ஊர்ப் பெயரை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. சரியான பேருந்துதான். ஊரில் இறங்கிய பிறகும் அது திரும்பி மறைகிறவரை நின்று பார்த்தேன். நான் ஏதோ விட்டுவிட்டேன் என்று கண்டக்டர் நினைத்து விசில் ஊதி நிறுத்தினார். ஒன்றுமில்லை, போங்கள் என்று கையைக் காட்டினேன்.

சாயங்காலம் என் மனைவி சண்முகக்கனி கோயிலுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமைதோறும் போவாள். கோயில் ரெண்டு தெரு தள்ளி. நாலு மணிக்குப் போனவள் ஆறரைக்கு வந்தாள், தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்போடு. கோயிலில் யார் நண்டுக் குழம்பு கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

மார்ச் 9

இன்று படித்தவை: டீக்கடைப் பலகை. சோப்பு உறை, இரண்டு பக்கமும். மின்கம்பத்தில் அபாயம். ஒரு கல்யாண பேனர், அதில் வாழ்த்துவோர் அறுபத்திரண்டு பேர், அத்தனை பேரும்.

"ஊர்ல உள்ளதெல்லாம் படிக்கிய, மாத்திரைக் கவரை மட்டும் படிக்க மாட்டிய" என்றாள் சண்முகக்கனி. அதையும் படித்தேன். உணவுக்குப் பின் என்று எழுதியிருக்கிறது. இத்தனை நாள் உணவுக்கு முன் போட்டிருக்கிறேன்.

மார்ச் 14

எழுத்து கோட்டைத் தாண்டிப் போகிறது. சந்தோஷத்தில்தான்.

சங்கச் செயலாளர் தங்கப்பழம் வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் 16 அன்று எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழா. எனக்குச் சால்வை போடுகிறார்களாம். அது மட்டும் இல்லை.

"அன்னைக்கு எடுத்த உறுதிமொழியை வருசா வருசம் நான்தான் படிக்கேன். இந்த வருசம் நீங்க படிக்கணும் ஐயா. எழுபது வயசுல எழுத்துப் படிச்ச மனுசன், நாப்பது வருசமா குனியாத மனுசன், அவரே மைக்கைப் பிடிச்சுப் படிச்சா எப்படி இருக்கும்" என்றார்.

எப்படி இருக்கும். நான் சாயங்காலம்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு முருங்கையைத் தின்றுவிட்டது.

மார்ச் 15

வேலைநிறுத்தம் பற்றி எழுத வேண்டும். 1983. மேலப்பண்ணை உப்பளத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். ஒரு நாள் காலை ஆளுக்கு ஒரு பிடி உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தோம். சங்கத் தலைவர் உறுதிமொழித் தாளைப் படித்தார். "உயிர் போனாலும் பின்வாங்க மாட்டோம்" என்றதும் எழுந்த சத்தத்தில் உப்பு அம்பாரத்தில் இருந்த காக்காய்கள் எல்லாம் பறந்தன. பிறகு வரிசையில் நின்று தாளில் கைநாட்டு வைத்தோம்.

நாற்பத்தொரு நாள் நின்றோம். முதலாளி கூலியை ஏற்றுகிறேன் என்றார், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். கூட்டம் போட்டுக் கையைத் தூக்கச் சொன்னார்கள். உள்ளே போகலாம் என்று நிறையக் கைகள் எழுந்தன. எண்ணி முடிப்பதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு அந்த அளத்தில் கால் வைத்ததில்லை. ஆறு கிலோமீட்டர் நடந்து வேறொரு அளத்தில் முப்பத்தைந்து வருடம் உப்பு வாரினேன். போக ஆறு, வர ஆறு.

மற்றவர்கள் உள்ளே போனார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து, தப்புத்தான் அண்ணாச்சி என்றார்கள். ஒருவன் மட்டும் சொல்லவில்லை. அவன்தான் முதலில் உள்ளே நுழைந்தவன். நயினார். சண்முகக்கனியின் தம்பி. நான் செய்ததுதான் சரி என்றான். அந்த ஆள் இருக்கிற சங்கத்தில் நான் இருக்க மாட்டேன் என்றேன். அவனை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் அவன் வீடு எங்களுக்குக் கிடையாது.

கூட்டத்திலிருந்து நான் வெளியே வரும்போது அவன் ஒன்று சொன்னான். அவன் எட்டாவது வரை படித்தவன். எல்லோரும் கேட்கச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அது இங்கே வேண்டாம்.

மார்ச் 21

தங்கப்பழம் இன்று வேறு விஷயமாக வந்தார். நயினாரின் மகள் பகவதி மேலப்பண்ணை அளத்தில் வேலை பார்த்தாளாம். வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். உட்காரக் கொட்டகை வேண்டும் என்று பகவதி போய்க் கேட்டிருக்கிறாள். நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டார்கள். சங்கத்தில் சேர்த்துக்கொண்டு எனக்காகப் பேசுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறாள்.

"அந்த வீட்டு விசயம்னா உங்க வார்த்தைதான் ஐயா. நீங்க சரின்னா சேத்துக்கிடுதோம்" என்றார்.

"அந்த வீட்டு ஆளு வேண்டாம்" என்றேன்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. நாற்பது வருடமாக ஒரே சொல். இதையும் எழுதுகிறேன்.

இரவு குழம்பில் உப்பு இல்லை. கேட்டேன். "உப்பளத்துக்காரர் வீட்டுல உப்புக்கா பஞ்சம், போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சண்முகக்கனி உள்ளே போய்விட்டாள். இந்தச் செவ்வாய் கோயிலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மார்ச் 26

உறுதிமொழி என் கையில் இருக்கிறது.

சங்க அலுவலகத்தில் தங்கப்பழம் அதன் முன்பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தார். "வருசா வருசம் இவ்வளவுதான் படிக்கது" என்றார். என் கைநாட்டு எங்கே என்று கேட்டேன். பின்னால் இருக்கும், அது எதுக்கு ஐயா என்றார். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே பின்பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

பின்பக்கம் மேலே கொஞ்சம் எழுத்து. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தேழாவது: பலவேசம். நாற்பது வருடமாக என் பெயர் அங்கே எழுதிக்கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். தபால்காரர் இரண்டு தடவை பார்த்தார்.

நாற்பத்தெட்டாவது நயினார். அவன் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

மார்ச் 27

முதல் பத்தி படித்துவிட்டேன். கையெழுத்து கொடி மாதிரி ஓடுகிறது. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். "நாங்கள் ஒரே குடும்பமாக நிற்போம். உயிர் போனாலும் பின்வாங்க மாட்டோம்." உரக்கப் படித்தேன். ஆடு திரும்பிப் பார்த்தது. மேடையில் இந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும்.

மார்ச் 29

இரண்டாம் பத்தி. நாங்கள் கேட்டவை மூன்று. கூலி உயர்வு. குடிதண்ணீர். வெயிலுக்கு உட்காரக் கொட்டகை.

கூலி மட்டும்தான் கிடைத்தது.

கொட்டகை என்ற சொல்லைப் படித்ததும் ஆட்டைக் கட்டுகிற வேலை இருந்தது. போய்க் கட்டினேன். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஏப்ரல் 1

இன்று படிக்கவில்லை.

ஏப்ரல் 3

பின்பக்கத்தில் மேலே இருந்த எழுத்து மூன்றாம் பத்தி. நான் கேட்டதே இல்லை. தலைவர் இதைப் படித்தபோது நாங்கள் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பார்த்து எழுதுகிறேன்.

"போராட்டத்தைத் தொடர்வதும் முடிப்பதும் கூட்டத்தின் பெரும்பான்மை முடிவு. அது எங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்டுப்படுவோம். எவரும் தனித்துப் போக மாட்டோம். எவரையும் தள்ளி வைக்க மாட்டோம்."

அதன் கீழேதான் என் கட்டைவிரல் இருக்கிறது.

நான் தப்பாகப் படித்திருப்பேன் என்று தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஸ்டெல்லா டீச்சர் முன்னால் விரலை வைத்து மறுபடி படித்தேன். டீச்சர் கை தட்டினார். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல தாத்தா. இதுவரைக்கும் இப்படி நீங்க படிச்சதே இல்ல" என்றார். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஏப்ரல் 5

சண்முகக்கனியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஒனக்கு இது தெரியுமா" என்றேன்.

"நயினாரு அன்னைக்கே சொன்னானே. தாள்ல என்ன இருக்குன்னு படிச்சிப் பாத்துட்டுப் பேசும் அத்தான்னு."

நான் எழுத வேண்டாம் என்று விட்டது இதுதான்.

"அதை அவன் என்னைக் கேலி பண்ணத்தானே சொன்னான்."

"கேலியுந்தான். அவனுக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனா தாள்ல இருக்குன்னுந்தான் சொன்னான். உங்களுக்குக் கேலி மட்டும் கேட்டுச்சு."

அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி, "அவன் எதுக்குக் கையைத் தூக்கினான், தெரியுமா. வேலைக்குப் போக வேண்டாம்னுதான் தூக்கினான். ஒங்க பக்கந்தான் தூக்கினான். தோத்துப்போச்சு. தோத்த பிறகு முத ஆளா நான் போனாத்தான் மத்தவன் சண்டை போடாம வருவான்னு உள்ள போனான்" என்றாள்.

"இதை ஏன் நீ சொல்லல."

"எத்தன மட்டம் ஆரம்பிச்சேன். அவன் பேரை எடுத்ததும் துண்டைத் தோள்ல போட்டுட்டு வெளிய போயிருவிய."

நான் எழுந்து துண்டைத் தேடினேன். பிறகு உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 6

வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் அப்படித்தான்.

ஏப்ரல் 8

தங்கப்பழத்திடம் போய் மூன்று பத்தியையும் படிப்பேன் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பத்தி எனக்குத் தெரியும் ஐயா. எனக்கு முன்ன இருந்த செயலாளருக்கும் தெரியும். அதான் திருப்புறதில்ல."

"தெரிஞ்சுமா எனக்குச் சால்வை போடுதிய."

"தாளுக்கா போடுதோம், ஒங்களுக்குப் போடுதோம். ஒரு மனுசன் சொன்ன சொல்லுக்காக முப்பத்தஞ்சு வருசம் தினம் பன்னெண்டு கிலோமீட்டர் நடந்தான். எங்கப்பா உள்ள போன ஆளு. சாகிறவரைக்கும் ஒங்களைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. நாங்க சின்னப் பிள்ளையில ஒங்களைப் பாத்துத்தான் சங்கத்துக்கு வந்தோம். நீங்க நின்னது சரியா தப்பான்னு யாரு பாத்தா. நின்னிய. அதான் எங்களுக்குப் பெருசு."

"நின்ன இடம் தப்பா இருந்தா."

"இருந்தா என்ன. இப்ப எந்த மனுசன் எதுல நிக்கான், சொல்லுங்க. நீங்க முன்பக்கத்தைப் படிங்க. கூட்டம் கை தட்டும். பின்பக்கத்தைப் படிச்சா ஒங்களுக்கும் ஒண்ணுமில்ல, எங்களுக்கும் ஒண்ணுமில்ல."

அவர் மோசமான ஆள் இல்லை. நான் சொன்னதால் என்னைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் அப்பா எழுந்து நிற்பது எனக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

பகவதியின் மனுவைக் கேட்டேன். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவளே எழுதியது. கடைசி வரி: எங்கள் அப்பா காலத்திலேயே கேட்ட கொட்டகை, இன்னும் வரவில்லை.

அதன்மேல் சிவப்பு மையில் ஒன்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன். "பலவேசம் ஐயா மறுப்பு."

ஏப்ரல் 12

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. இன்றைக்கு ஏழு தடவை படித்தேன். ஆறு தடவை முன்பக்கம் மட்டும். ஒரு தடவை முழுதாக. முன்பக்கம் மட்டும் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. முடிகிற இடத்தில் கை தட்டத் தோன்றும்.

ஏப்ரல் 16

மூன்று பேர் பேசிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பந்தலில் இருநூறு பேர் இருப்பார்கள். சால்வை பச்சை நிறம். நாற்காலியிலிருந்து மைக் வரை ஏழு அடிதான். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் நான் படிப்பதைக் கேட்கக் காத்திருந்தது இல்லை. நெஞ்சு ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது.

முதல் பத்தியைப் படித்தேன். கை தட்டினார்கள். இரண்டாம் பத்தி. மறுபடி தட்டினார்கள். தங்கப்பழம் சால்வையைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

தாளைத் திருப்பினேன்.

மெதுவாகத்தான் எனக்குப் படிக்க வரும். பெ-ரும்-பான்-மை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். கட்டுப்படுவோம் என்று படித்தபோது சிரிப்பு நின்றது. தள்ளி வைக்க மாட்டோம் என்பதைப் படித்து முடித்தேன். யாரும் கை தட்டவில்லை.

பிறகு பேசினேன். எழுதிவைத்து இல்லை, வாயில் வந்தது. "நீங்க எல்லாரும் தாள்ல உள்ளபடி உள்ள போனிய. நான் ஒருத்தன்தான் தாளை மீறி வெளிய நின்னேன். தாளுக்குக் கட்டுப்பட்ட ஒருத்தனைத் தள்ளியும் வச்சேன். எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். படிச்சவன் சொன்னான், நான் கேக்கல. பகவதி மனு மேல என் பேரு சிவப்பா எழுதியிருக்கு. அதை அடிக்கணும்."

பின்னால் ஒரு கிழவர் எழுந்தார். எழுபதாவது கைநாட்டு அவர். "எங்களை ஏன் வே நாப்பது வருசமா தலை குனிய வச்சீரு" என்று கேட்டுவிட்டுப் பந்தலை விட்டுப் போனார்.

தங்கப்பழம் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மடித்து மேஜையில் வையும் என்றேன்.

ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

ஏப்ரல் 18

செவ்வாய். சண்முகக்கனி கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். அவள் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள்.

கோயிலைத் தாண்டி நடந்தோம். நயினார் அவன் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தான். முடி எல்லாம் நரைத்துவிட்டது. நான் மூன்றாம் பத்தியைப் படிக்கத் தாளை எடுத்தேன்.

"அதை எனக்கே படிச்சுக் காட்ட வந்தீராக்கும்" என்றான். "அந்தப் பத்தியை எழுதச் சொன்னதே நான்தான் வே."

உட்காரச் சொல்லவில்லை. நின்றேன். உள்ளேயிருந்து பகவதி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"நீ சரியா நடந்த மாப்ள. நான் தப்பா நின்னுட்டேன்."

"தப்பாத்தான் நின்னீரு" என்றான். "காலையில நாங்க அளத்துக்குப் போவோம். நீரு அந்தக் கரையில தூக்குச்சட்டியோட வடக்கே நடந்து போவீரு. நான் சரியாத்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீரு தாண்டிப் போறவரைக்கும் நான் தலையைத் தூக்க மாட்டேன். அதுக்கு எந்தத் தாள்ல பதில் எழுதியிருக்கு."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியல. உக்காரும், நண்டு ஆறிப்போவுது" என்றான்.

ஏப்ரல் 23

பகவதி சங்கத்தில் உறுப்பினர். அவளுக்காகப் பேசச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. நயினாரின் பெயரும் மறுபடி பதிவேட்டில் ஏறியது. தங்கப்பழம் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் பதிவேட்டைப் படித்துச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்.

ஏப்ரல் 30

இன்று கூட்டம். மேலப்பண்ணை அளத்தில் வேலை பார்க்கிற அறுபத்து நான்கு பேரும் வந்திருந்தார்கள். பகவதிக்கு வேலை, உட்காரக் கொட்டகை என்று சங்கம் கொடுத்த மனுவைப் பார்த்த முதலாளி பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறார். கொடுப்பதா, நாளைக்கே வேலையை நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. எங்களைப் போன்ற பழைய ஆட்கள் பேசலாம், ஆனால் கையைத் தூக்குவது வேலை பார்க்கிறவர்கள் மட்டும் என்றார்கள். அது சரிதான்.

நான் பேசினேன். நாற்பது வருடம் அவகாசம் கொடுத்தாயிற்று, இன்னும் பத்து நாள் எதற்கு, நாளைக்கே நிறுத்துங்கள் என்றேன். நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. முப்பது வயதில் இருந்த மாதிரி இருந்தது. பகவதியும் நாளைக்கே என்றாள்.

கை தூக்கினார்கள். தங்கப்பழம் எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை நான் இருந்தேன். நாளைக்கே நிறுத்த இருபத்து மூன்று. பத்து நாள் கொடுக்க நாற்பத்தொன்று.

தோற்றுவிட்டோம். பத்து நாளில் முதலாளி ஒன்றும் செய்யப் போவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இவர்கள் பண்ணுவது தப்பு. இப்போது எழுதும்போதும் அது தப்பு என்றுதான் எழுதுவேன்.

நான் எழுந்தேன்.

கூட்டம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தங்கப்பழம் பேனாவை மூடிவிட்டார். சண்முகக்கனி பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கதவு என் பக்கம்தான் இருந்தது, நாலு எட்டு.

பக்கத்தில் இருந்த நயினார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ன அத்தான்" என்று மட்டும் கேட்டான்.

"கால் மரத்துப்போச்சு" என்றேன்.

உண்மையிலேயே மரத்திருந்தது. இரண்டு உதறு உதறினேன். பிறகு உட்கார்ந்தேன்.